கொடிமலை ரயிலில் வாழும் ரோமன் ஆப்ட்

செமினி, காஜாங் வட்டாரத்திலிருந்து பள்ளி விடுமுறைக்குப் பினாங்கு செல்லும் நம் குடும்பங்கள் கொடிமலை ரயிலில் ஏறாமல் திரும்புவது அரிது. பாதி வழியில், எதிரே இறங்கி வரும் பெட்டி மோதிவிடுவதுபோல் நெருங்கி, சட்டென்று பக்கத்தில் விலகிப் போகும். பிள்ளைகள் கூச்சலிடுவார்கள். 1923-இல் ஓடத் தொடங்கிய அந்த ரயில் வகைக்கு இந்தப் பாதுகாப்பான விலகலைத் தந்தவர் ரோமன் ஆப்ட்.

1850-இல் சுவிட்சர்லாந்தின் பியுன்சன் கிராமத்தில் பிறந்த ஆப்ட், சூரிக்கில் பொறியியல் படித்தார். பின்னர் மலை ரயில் முன்னோடியான ரிக்கன்பாக்கிடம் பணியாற்றினார்.

ஒரே வடத்தில் கட்டிய இரு பெட்டிகள் ஒற்றைப் பாதையில் சென்றால், நடுவில் விலக இடம் வேண்டும். அங்கே நகரும் தண்டவாளம் வைத்தால், அது ஒருமுறை சிக்கினாலும் பெட்டி தடம் புரளும். ஆப்ட் மாற்றத்தைச் சக்கரத்தில் செய்தார். ஒரு பக்கச் சக்கரங்களுக்கு இருபுறமும் விளிம்பு வைத்தார். அவை தண்டவாளத்தைக் கவ்வியபடியே செல்லும். மறுபக்கச் சக்கரங்கள் விளிம்பில்லாமல் அகலமாக இருக்கும். வடம் செல்லும் இடைவெளியை அவை எளிதாகத் தாண்டும். ஒரு பெட்டி எப்போதும் இடப்பக்கம், மற்றது எப்போதும் வலப்பக்கம். 1886-இல் லுகானோ நகரில் இம்முறை நடைமுறைக்கு வந்தது.

1882-இல் அவர் உருவாக்கிய பற்சட்டப் பாதை, செங்குத்தான மலையில் ரயில் வழுக்காமல் காத்தது. அருகருகே இரண்டு பற்சட்டங்கள். ஒன்றின் பல் விடும்போது மற்றொன்றின் பல் பிடித்திருக்கும். 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறிய நீலகிரி ரயிலும் அதை நம்பியே ஏறியது. இன்றும் அப்படித்தான் ஏறுகிறது.

ஆப்ட் 1933-இல் லூசர்னில் காலமானார். அடுத்த முறை கொடிமலையில் பெட்டி விலகும்போது, பிள்ளைகளுக்கு இவர் பெயரைச் சொல்லுங்கள்.