யார் இந்த ஏ.லலிதா? உயர் அழுத்த மின்சாரத்துக்கு 'பாதுகாப்பு' வரைந்த சென்னைப் பெண்

தி.நகரில் திடீர்னு கரண்ட் போனால், 'லைன் ட்ரிப் ஆயிடுச்சு' என்பார்கள். உண்மையில் அது பாதுகாப்பு ஏற்பாடு. ஷார்ட் சர்க்யூட்டை ரிலே கண்டுபிடிக்க, சர்க்யூட் பிரேக்கர் நொடிப்பொழுதில் லைனைத் துண்டித்துவிடும். இத்தகைய பாதுகாப்புக் கருவிகளையும் துணை மின்நிலைய அமைப்புகளையும் வடிவமைத்தவர், இந்தியாவின் முதல் பெண் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயர் ஏ.லலிதா.

1919-ல் சென்னையில் பிறந்தார். 15 வயதில் கல்யாணம். 18 வயதில் கணவரை இழந்தபோது, கையில் 4 மாதக் குழந்தை. டாக்டருக்குப் படித்தால் நேரம் காலம் பார்க்காமல் ஓட வேண்டும். குழந்தையோடு இருக்க முடியாது. அதனால் இன்ஜினீயரிங்கைத் தேர்ந்தெடுத்தார். கிண்டி பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த அப்பா பப்பு சுப்பா ராவ், அதுவரை ஆண்கள் மட்டுமே படித்த அங்கேயே மகளுக்கு இடம் வாங்கினார். 1943-ல் படிப்பை முடித்தார்.

1948 முதல் கொல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் வேலை. பக்ரா நங்கல் திட்டத்திலும் இவர் பங்கு உண்டு.

துணை மின்நிலைய வரைபடத்தில் அப்படி என்ன இருக்கு? பராமரிப்பின்போது ஒரு பகுதியை மட்டும் ஐசொலேட்டரால் தனியாகப் பிரித்து, மின்சாரம் இல்லை என்று சோதித்து, எர்த் செய்த பிறகே ஊழியர் கை வைக்க வேண்டும். அதற்கான இடைவெளியும் வசதியும் வரைபடத்திலேயே இருக்கணும். அங்கே விட்டுப்போனால், களத்தில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் உயிருக்கு ஆபத்துதான்.

1964-ல் நியூயார்க்கில் நடந்த முதல் சர்வதேசப் பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டில் பங்கேற்ற லலிதா, 1979-ல் தன் 60-வது வயதில் மறைந்தார்.