மீண்டும் மாணவராய்

கல்லூரிப் பேராசிரியர் பணி, மாதந்தோறும் தவறாத ஊதியம், மனைவியும் மகனும் கொண்ட குடும்பம். 1920ஆம் ஆண்டில், தம் இருபத்தொன்பதாம் வயதில், இவற்றை விட்டு மீண்டும் மாணவராக இலண்டனுக்குக் கப்பலேறினார் பீமாராவ் ராம்ஜி அம்பேத்கர். இடையில் நின்றுபோன கல்வியை முடிப்பதே அப்பயணத்தின் நோக்கம். அக்கல்வி யாருக்குப் பயன்பட வேண்டும் என்பதில் அவருக்கு ஐயம் இருக்கவில்லை.

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் பிறந்த அம்பேத்கர், பம்பாயில் இளங்கலைப் பட்டம் பெற்றார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் வழங்கிய உதவித்தொகையால் 1913இல் அமெரிக்கா சென்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்றார். மாகாண அரசுகள் வருவாயை எவ்வாறு பெறுகின்றன, எவ்வாறு செலவிடுகின்றன என்பதே அவர் ஆராய்ந்த பொருள். 1916இல் இலண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். சட்டமும் பயிலத் தொடங்கினார். மறு ஆண்டே உதவித்தொகைக் காலம் முடிந்தது. நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்ற இசைவுடன் அவர் தாயகம் திரும்பினார்.

பரோடா அரசுப் பணியில் அவருக்கு அவமதிப்பே காத்திருந்தது. அந்நகரில் தங்குவதற்கு ஓர் இடமும் கிடைக்காமல் பம்பாய்க்குத் திரும்பினார். 1918இல் சிடன்காம் கல்லூரியில் பொருளியல் பேராசிரியரானார். அவருடைய வகுப்புகளை மாணவர்கள் விரும்பிக் கேட்டனர். ஆயினும், பொதுப் பானையிலிருந்து அவர் நீர் அருந்துவதை உடன் பணியாற்றியோர் சிலர் எதிர்த்தனர். கடல் கடந்து பெற்ற பட்டத்தாலும் அத்தடையை நீக்க இயலவில்லை. சட்டமும் ஆட்சிமுறையும் மாறாமல் தம் மக்களின் நிலை மாறாது என்பதை இத்தகைய நிகழ்வுகள் உணர்த்தின.

எனவே ஊதியத்தில் சிக்கனமாகச் சேமித்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராசர் உதவினார். பார்சி நண்பர் ஒருவர் கடன் கொடுத்தார். குடும்பச் சுமையை மனைவி இரமாபாய் பம்பாயில் வறுமையோடு தாங்கினார். இலண்டனில் அம்பேத்கர் அரைவயிற்று உணவுடன் நூலகம் திறக்கும் நேரம் முதல் மூடும் நேரம் வரை படித்தார். 1921இல் முதுநிலைப் பட்டமும், 1922இல் பாரிஸ்டர் தகுதியும் பெற்றார். இந்திய நாணயம் பற்றிய அவரது ஆய்வேட்டைத் திருத்தித் தருமாறு தேர்வாளர்கள் கேட்டனர். அதற்குள் கைப்பொருள் தீர்ந்தது. 1923இல் பம்பாய் திரும்பி, அங்கிருந்தே திருத்தி அனுப்பி, முனைவர் பட்டத்தை வென்றார்.

அதே ஆண்டில் பம்பாய்ச் சட்டமன்றம், பொதுநிதியில் பேணப்படும் குளங்களையும் கிணறுகளையும் அனைவரும் பயன்படுத்தலாம் எனத் தீர்மானித்தது. மகாத்து நகராட்சியும் 1924இல் தன் சவுதார் குளத்தை எல்லார்க்கும் திறந்துவிட்டது. ஆனால், தீர்மானம் தாளிலேயே நின்றது. 1927இல் சட்டமன்ற உறுப்பினராகப் பொறுப்பேற்ற அம்பேத்கர், நிதிநிலை அறிக்கை மீது உரையாற்றினார். வரிச்சுமை ஏழை உழவர்மீது விழுவதை எடுத்துக்காட்டினார். அடுத்த மாதம், மார்ச் 20ஆம் நாள், ஆயிரக்கணக்கானோருடன் நடந்து சென்று சவுதார் குளத்து நீரை அருந்தினார். பொதுப்பணத்தின் கணக்கை ஆராய்ந்த அறிஞர், பொதுக்குளத்தில் மக்களுக்குள்ள உரிமையை நேரில் நிலைநாட்டினார்.

எதிர்த்தோர் அக்குளம் தங்களுக்கே உரியது என வழக்குத் தொடுத்தனர். இலண்டனில் கற்ற சட்டம் இப்போது கைகொடுத்தது. வழக்கு பத்து ஆண்டுகள் நீடித்தது. தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்ற வாதம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறி, 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றம் எதிர்த்தோரின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

பின்னாளில் இந்திய அரசியலமைப்பு வரைவுக்குழுவின் தலைவராக நாடு அவரை அறிந்தது. அதற்கு முன்பே அவர் பெற்ற உயர்கல்வி, ஒரு சிறுநகரின் குளத்து நீரை எல்லார்க்கும் உரியதாக்கப் பயன்பட்டிருந்தது.