ஜான் பெண்டர்

சர் ஜான் பெண்டர் (செப்டம்பர் 10, 1816 – சூலை 7, 1896) என்பவர் ஸ்காட்லாந்தில் பிறந்த துணி வணிகர். கடலடித் தந்தித் துறையின் முன்னோடித் தொழில் முனைவோர். இவர் உருவாக்கிய நிறுவனங்களே இங்கிலாந்தை மும்பையுடனும், சென்னையைச் சிங்கப்பூருடனும் கடலடி வடங்களால் இணைத்தன.

தொடக்க காலம்

பெண்டர் கிளாஸ்கோவிலும் மான்செஸ்டரிலும் துணி வணிகம் செய்து பொருள் ஈட்டினார். 1856இல் தொடங்கப்பட்ட அட்லாண்டிக் தந்தி நிறுவனத்தின் முதல் முதலீட்டாளர்களுள் இவரும் ஒருவர். 1857இல் இடப்பட்ட வடம் அறுந்தது. 1858இல் இடப்பட்டது சில வாரங்களே இயங்கியது.

தொடர்ந்த இழப்பால் பலர் விலகினர். எனினும் 1864இல் கட்டா பெர்ச்சா நிறுவனமும், கிளாஸ் எலியட் நிறுவனமும் இணைந்து, வடம் செய்தல், இடுதல் ஆகிய இரண்டையும் ஒருங்கே மேற்கொள்ளும் நிறுவனமாயின. பெண்டர் அதன் தலைவரானார். இதற்காக 2,50,000 பவுண்டுக்குத் தாமே பிணை நின்றார். 1865இல் வடம் நடுக்கடலில் மீண்டும் அறுந்தது. 1866இல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் வெற்றிகரமாக வடத்தை இட்டது. அறுந்த பழைய வடமும் மீட்டு முடிக்கப்பட்டது.

இந்தியாவுக்கான வழி

1865 முதல் இந்தியாவுக்குத் தந்தித் தொடர்பு இருந்தது. ஆனால் அது பல நாடுகளின் தரைவழிக் கம்பிகளைச் சார்ந்திருந்ததால் செய்திகள் தாமதமாகவும் பிழையுடனும் வந்தன. பெண்டர் பெரும்பாலும் கடல்வழியையே தேர்ந்தார். ஒரு பகுதியின் தோல்வி மற்றவற்றைப் பாதிக்காதிருக்க, ஒவ்வொரு பகுதிக்கும் தனி நிறுவனம் அமைத்தார். போர்த்கர்னோ, ஜிப்ரால்டர், மால்டா, அலெக்சாந்திரியா, சூயெசு, ஏடன் வழியாக மும்பை வரையிலான தொடர்பு 1870 சூனில் நிறைவுற்றது. எகிப்தினுள் மட்டும் தரைவழிக் கம்பி பயன்பட்டது. சென்னை–பினாங்கு–சிங்கப்பூர் வடம் 1871இல் செயற்படத் தொடங்கியது.

இணைப்புகள்

வழி உறுதிப்பட்டதும் தனி நிறுவனங்களைப் பெண்டர் ஒன்றிணைத்தார். 1872இல் நான்கு நிறுவனங்கள் இணைந்து ஈஸ்டர்ன் தந்தி நிறுவனம் ஆயிற்று. 1873இல் சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, ஹாங்காங் வழிகளின் மூன்று நிறுவனங்கள் ஈஸ்டர்ன் எக்ஸ்டென்ஷன் நிறுவனமாயின. இதனால் உலகின் மிகப் பெரிய கடலடி வட வலையமைப்பு ஒரே குழுமத்தின் கையில் குவிந்தது.

வடங்களின் காப்புறையான கட்டா பெர்ச்சா மலாயாப் பகுதி மரங்களின் பாலிலிருந்து கிடைத்தது. பால் எடுப்பதற்காக மரங்களையே வெட்டியதால் அவை பெருமளவில் அழிந்தன.

அரசியல்

பெண்டர் பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். கையூட்டுப் புகாரால் 1866இல் டாட்னஸ் தொகுதி உறுப்பினர் பதவியை இழந்தார். பின்னர் 1872இல் விக் தொகுதியில் வென்றார். 1888இல் சர் பட்டம் பெற்றார்.

மறைவுக்குப் பின்

இவரது குழுமம் 1929இல் மார்க்கோனி நிறுவனத்தின் கம்பியில்லாத் தந்திப் பிரிவுடன் இணைந்தது. 1934இல் அது கேபிள் அண்ட் வயர்லெஸ் எனப் பெயர் மாறியது.