தாயைப் பிரிந்த மேதை

இயற்பியல் பயிலும் நமக்கு சர் ஐசக் நியூட்டன் என்றதும் மூன்று விதிகளும் ஓர் ஆப்பிளும் நினைவுக்கு வரும். ஆய்வுக் கூடத்தில் முப்பட்டகத்தை ஒளியின் முன் வைத்து, பிரிந்து விழும் வண்ணங்களைக் கண்டு வியக்கிறோம். ஆனால் அந்த வண்ணங்களின் உண்மையை உலகுக்கு உரைத்தவரின் உள்ளத்தில் வாழ்நாளெல்லாம் ஓர் இருள் இருந்ததை எத்தனை பேர் அறிவோம்?

இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் பகுதியிலுள்ள வூல்ஸ்தோர்ப் என்னும் சிற்றூரில், அந்நாட்டின் பழைய நாட்காட்டிப்படி 1642-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று நியூட்டன் பிறந்தார். அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே தந்தை இறந்துவிட்டார். அந்த உழவருக்குத் தம் பெயரைக்கூட எழுதத் தெரியாது. இதைப் படித்தபோது கைநாட்டு வைக்கும் என் தந்தையை நினைத்துக் கொண்டேன்.

குழந்தைக்கு மூன்று வயதானபோது தாய் ஹன்னா, பார்னபஸ் ஸ்மித் என்ற முதிய பாதிரியாரை மறுமணம் செய்துகொண்டார். மகனைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் புதுக் கணவரின் வீட்டுக்குச் சென்றார். கடல் கடந்த பிரிவல்ல அது; ஏறத்தாழ ஒன்றரை மைல்தான்! ஆயினும் ஏழாண்டுக்கு மேல் அந்தத் தொலைவு குறையவில்லை. 1653-இல் ஸ்மித் இறந்தபின் தாய் திரும்பி வந்தார். அவருடன் மூன்று சிறு குழந்தைகளும் வந்தனர். இரண்டாண்டுகளில் நியூட்டன் கிராந்தம் நகரப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். மீண்டும் பிரிவு.

பத்தொன்பது வயதில், கேம்பிரிட்ஜில் பயின்றபோது, தாம் செய்த பாவங்களை ஒரு குறிப்பேட்டில் சுருக்கெழுத்தில் பட்டியலிட்டார். தாயையும் மாற்றாந்தந்தையையும் வீட்டோடு எரித்துவிடுவதாக மிரட்டியதும் அதில் ஒன்று. ஆண்டுகள் பல கடந்தும் அந்தச் சிறுவனின் நெருப்பு அணையவில்லை! ஸ்மித் விட்டுச்சென்ற பெரிய குறிப்பேடு ஒன்று பெரும்பாலும் எழுதப்படாமல் நியூட்டனிடம் வந்தது. நுண்கணிதத்தின் தொடக்கக் கணக்குகளை அவர் போட்டது அந்தத் தாள்களில்தான். தாயைக் கொண்டுசென்றவரின் வெற்றுத் தாள்களை மகன் நிரப்பினார்.

1669-இல், இருபத்தாறு வயதில் பேராசிரியரானார். அறிவு வளர்ந்தது, உறவு வளரவில்லை. 1672-இல் ஒளியைப் பற்றிய அவரது கட்டுரையை ராபர்ட் ஹூக் குறை கூறினார். வேறொருவராயின் விடை எழுதி மறந்திருப்பார். நியூட்டனோ கண்டுபிடிப்புகளை வெளியிடவே அஞ்சி ஒதுங்கினார். ஹூக் 1703-இல் இறந்த பிறகே, 1704-இல், ஒளியியல் நூலை வெளியிட்டார். ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ஃபாட்டியோ என்ற இளம் கணித அறிஞரிடம் மட்டும் மிக நெருங்கிப் பழகினார். 1693-இல் அந்த நெருக்கம் தளர்ந்தது. அவ்வாண்டே அவர் மனம் கலங்கியது. நண்பர்களை இனிச் சந்திக்கப் போவதில்லை என்று பெப்பிசுக்கு எழுதினார். ஜான் லாக் தம்மைப் பெண்களோடு சிக்க வைக்க முயன்றதாக அவருக்கே எழுதினார். அதற்காக லாக்கிடம் மன்னிப்பும் கேட்டார். கடைசிவரை அவர் மணம் புரியவில்லை.

இக்கலக்கத்துக்குத் தூக்கமின்மை, பாதரசப் புகை எனப் பல காரணங்கள் கூறுவர். எல்லாவற்றையும் குழந்தைப் பருவத்தின் தலையில் கட்டுவது விஞ்ஞானமாகாது. ஆனால் 1951-இல் ஜான் பௌல்பி என்ற ஆங்கில மருத்துவர், உலக சுகாதார நிறுவனத்துக்கு அளித்த அறிக்கையில், தாயின் அல்லது தாய் போன்ற ஒருவரின் இடையறாத அன்பு குழந்தையின் மனநலத்துக்கு இன்றியமையாதது என்று வலியுறுத்தினார். ஒருமுறை கைவிடப்பட்ட குழந்தை, பெரியவனான பிறகும் அடுத்த பிரிவை எதிர்பார்த்தே பழகக் கூடும். பிறர் விலகுமுன் தானே விலகிக்கொள்வது அவனுக்குப் பாதுகாப்பாகத் தோன்றும்.

இது எனக்குப் புதிதல்ல. என் தாய் ஆண்டுதோறும் ஆறு மாதம் செங்கல் சூளை வேலைக்குப் போவார். நான் ஆயாவிடம் இருப்பேன். அவர் திரும்பி வந்தால் மூன்று நாள் நான் முகங்கொடுத்துப் பேசமாட்டேனாம். நான்காம் நாள் முந்தானையை விடமாட்டேனாம். அவர் போனது என் சோற்றுக்காக என்பது பின்னால்தான் புரிந்தது. ஹன்னா ஏன் போனார் என்பதை அந்த மகனுக்கு யாராவது சொன்னார்களா?

எனினும் நியூட்டன் கதை வெறுப்பில் முடியவில்லை. 1679-இல் தாய் காய்ச்சலில் கிடந்தபோது ஊருக்கு ஓடிவந்தார். இரவு முழுவதும் கண்விழித்து, தாமே மருந்து கொடுத்து, கொப்புளங்களுக்குத் தம் கையாலேயே கட்டுப் போட்டார் என்று அவர் வரலாறு கூறுகிறது. தாய் பிழைக்கவில்லை. பிற்காலத்தில் ஸ்மித்தின் பேத்தியான கேதரினைத் தம் இல்லத்தில் வைத்துப் பேணினார். 1727-இல் அவர் மறைந்தபோது, சொத்தின் பெரும்பகுதி சென்றதும் ஸ்மித்தின் பேரப்பிள்ளைகள் எட்டுப் பேருக்கே! எரிப்பேன் என்று மிரட்டிய வீட்டின் வாரிசுகள் அவர்கள்.

நம் வகுப்பிலும் விடுதியிலும் யாரோடும் ஒட்டாமல் தனித்திருப்பவர் உண்டு. சிறு சொல்லுக்கும் முறித்துக்கொள்பவர் உண்டு. அவர்களைத் தலைக்கனம் பிடித்தவர் என்று ஒதுக்குவது எளிது. அவர்கள் வாழ்விலும் அந்த ஒன்றரை மைல் இருக்கலாம். நண்பர்களே, அதை நாம் ஓரடியேனும் நடந்து குறைப்போம்!