பழையகாயலைப் பார்த்த மார்க்கோ போலோ

தாம்பரத்தில் ரயில் ஏறித் தூத்துக்குடி சென்றால், அருகே பழையகாயல் என்ற சிற்றூரைக் காணலாம். ஒரு காலத்தில் அது பெரிய துறைமுகம்! அதன் புகழை மேல்நாடுகளுக்குச் சொன்னவர் மார்க்கோ போலோ.

அவர் 1254-ல் பிறந்த வெனிஸ் நகரத்துக்காரர். 17-வது வயதில் தந்தையுடன் சீனாவுக்குப் புறப்பட்டார். திரும்பும் வழியில் பாண்டிய நாட்டுக்கு வந்தார். காயலில் அரபுக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. பராமரிக்கத் தெரியாததால் அவை மடிவதாகவும், பாண்டியரின் பொன் கரைவதாகவும் அவர் கூறினார்.

1295-ல் ஊர் திரும்பினார். பின்னர் போரில் பிடிபட்டு, ஜெனோவா சிறையில் அடைபட்டார். அங்கே அவர் சொல்லச் சொல்ல, உடனிருந்த கைதி எழுதினார். கட்டுக்கதை என்று பலர் கேலி செய்தனர். 1324-ல் அவர் காலமானார்.

19-ம் நூற்றாண்டில் கால்டுவெல் பாதிரியார் பழையகாயலை ஆராய்ந்தார். மண்ணில் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன. காயல் கட்டுக்கதை அல்ல!