தொரிசெல்லியும் வெற்றிடமும்

இத்தாலி நாட்டிலே 1608ஆம் ஆண்டு வறிய குடும்பமொன்றிற் பிறந்த எவாஞ்சலிஸ்தா தொரிசெல்லி, துறவியான உறவினர் ஒருவரின் ஆதரவிற் கல்வி கற்று, உரோமாபுரியிலே கஸ்தெல்லி என்னும் நீரியலறிஞருக்கு மாணாக்கராயினார். கஸ்தெல்லியோ கலிலியோவின் மாணாக்கர். அவ்வழியே 1641ஆம் ஆண்டின் இறுதியில், பார்வையிழந்து காவலிலிருந்த கலிலியோவின் இல்லஞ் சேர்ந்து, அம்முதியவர் சொல்லச் சொல்ல எழுதும் பேறு தொரிசெல்லிக்கு வாய்த்தது. மூன்று திங்களே அது நீடித்தது. 1642 சனவரியிற் கலிலியோ மறைய, தஸ்கனிப் பெருங்கோமகனின் கணித அறிஞராக அவர் வகித்த இடம் இவருக்குக் கிடைத்தது.

அக்காலத்தே கிணறு தோண்டுவோரை மயக்கிய செய்தியொன்றிருந்தது. உறிஞ்சு பம்பியொன்று ஏறக்குறைய 10 மீற்றருக்கு மேல் நீரை உயர்த்த மறுத்தது. இயற்கை வெற்றிடத்தை வெறுத்தலால் நீர் ஏறுகின்றதென்பது பழங்கொள்கை. கலிலியோவும் அதனை முற்றாக விட்டாரல்லர். நீண்ட கயிறு தன் பாரத்தால் அறுவதுபோல நீர்நிரலும் அறுந்துவிடும் என்று கருதினார். ஆசானின் கருத்தை மாணாக்கர் மறுக்கவேண்டிய நிலை இங்கே நேர்ந்தது. காற்றுக்குப் பாரமுண்டு, அதுவே வெளியே அழுத்தி நீரை ஏற்றுகின்றது, உள்ளே இழுப்பது எதுவுமில்லை என்பது தொரிசெல்லியின் துணிபு.

நீரினும் 13.6 மடங்கு பாரமான பாதரசத்தைக் கண்ணாடிக் குழாயில் நிரப்பி, வாயை விரலால் மூடிப் பாதரசத் தொட்டியிற் கவிழ்க்குமாறு செய்தார். நண்பர் விவியானி அதனைச் செய்தார். பாதரசம் இறங்கி 76 சதமமீற்றர் உயரத்தில் நின்றது. மேலே வெற்றிடம் தோன்றியது. நம் வாவியிற் குளிக்குஞ் சிறுவன் செம்பை நீருள் நிரப்பி, வாய் நீரைவிட்டு விலகாதவாறு கவிழ்த்து உயர்த்துவானாயின், செம்பின் நீர் வாவி மட்டத்துக்கு மேல் நிற்றலைக் காண்பான். அதுவும் இதுவே.

இதனினும் நுட்பமான செயலொன்றுண்டு. பாடநூல்கள் இதனைக் கூறாது விடுதல் வருந்தத்தக்கது. தலையிற் பெருங்குமிழுடைய குழாயொன்றையும், குமிழில்லாக் குழாயொன்றையும் அவர் அருகருகே நிறுத்தினார். வெற்றிடமே இழுப்பதாயின், பெரிய வெற்றிடமுள்ள குழாயில் பாதரசம் மிக உயர வேண்டுமன்றோ? இரண்டிலும் மட்டம் ஒன்றாகவே நின்றது. 1644 சூன் மாதத்தில் ரிச்சி என்னும் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இதனை விளக்கினாரேயன்றி நூலாக வெளியிட்டாரல்லர். கலிலியோ 1633இல் தண்டிக்கப்பட்ட நினைவு ஆறாத நாடு அது.

இங்குராணையிற்போலக் கருப்பஞ்சாற்றைச் சீனியாக்கும் ஆலைகளில், சாறு கருகாது குறைந்த வெப்பத்திற் கொதிக்கும்பொருட்டு மூடிய கலத்தினின்று காற்றை அகற்றுவர். அத்தகைய தாங்கியின் அடியிற் பொருத்திய மட்டக்குழாயின் மேல்வாய் வெளிக்காற்றுக்குத் திறந்திருப்பின் அது பொய் கூறும். உள்ளிருப்பது நீராயின், அமுக்கக் குறைவு பாதரச அளவில் ஒரு சதமமீற்றர் ஆகுந்தோறும், குழாயின் நீர் உண்மை மட்டத்திலும் 13.6 சதமமீற்றர் தாழ்ந்து காட்டும். வெற்றிடம் மிகுமாயின் அக்குழாய் வழியே காற்றும் உட்புகும். குழாயின் மேல்வாயைத் தாங்கியின் மேல்வெளியோடு இணைத்துவிட்டால் இருபுறமும் அமுக்கம் ஒத்துப்போக, மட்டமும் ஒத்துக் காட்டும். வெற்றிடத்தை அளக்கும் அலகொன்று 'தொர்' என இவர் பெயராலேயே வழங்குகின்றது.

தொரிசெல்லி 1647 ஒற்றோபரில், 39ஆம் வயதிற் காய்ச்சலால் மறைந்தார். (விஞ்ஞானப் பட்டமும் பண்டிதப் பட்டமும் ஒருங்கே பெற்ற நம் விபுலாநந்த அடிகள் மறைந்தது சரியாக 300 ஆண்டுகளின் பின், 1947இல்.) மறு ஆண்டு பஸ்கால் என்னும் பிரெஞ்சு அறிஞரின் வேண்டுகோளின்படி, அவர் மைத்துனர் பாதரசக் குழாயைப் புய் த டோம் மலையுச்சிக்குக் கொண்டுசென்றார். மேலே காற்றின் பாரம் குறைய, பாதரசம் 8 சதமமீற்றர் அளவு தாழ்ந்தது.