புலியுடன் நடந்தவர்

நூறு ஆண்டுகளுக்கு முன்னர் சிராங்கூன் சாலையில் விலங்குகளைக் காண்பது புதுமையன்று. இன்று லிட்டில் இந்தியா என்று நாம் அழைக்கும் அந்த வட்டாரத்தில் அப்போது மாட்டு வணிகம் செழித்திருந்தது. எருமைத் தொழுவம் என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்ற மலாய்ப் பெயர் அந்தக் காலத்தை இன்றும் நினைவூட்டுகிறது. மாடுகளைக் கண்டு பழகிய மக்களும் ஒருவரைக் கண்டால் மட்டும் ஒதுங்கி நின்று வியந்து பார்த்திருப்பார்கள். ஆப்பாய் என்று பெயரிட்ட வங்கப் புலியைச் சங்கிலியில் பிடித்தபடி அவர் நடந்து செல்வாராம். அவர்தான் வில்லியம் லாரன்ஸ் சோம பசப்பா.

பசப்பா 1893ஆம் ஆண்டில் பிறந்தார். அவருடைய தந்தை ஹன்மா சோமப்பா சிங்கப்பூரின் பெரும் நிலவுடைமையாளர்களுள் ஒருவர். சாங்கி வட்டாரத்தில் உள்ள சோமப்பா சாலை அந்தக் குடும்பத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. செல்வக் குடும்பத்தில் பிறந்த பசப்பா, வீட்டு வாடகையை வாங்கிக்கொண்டு வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவருடைய மனமோ விலங்குகளையும் பறவைகளையும் நாடியது.

1920களின் தொடக்கத்தில், சிராங்கூன் சாலையில் 317ஆம் எண் கொண்ட தம் குடும்ப இடத்தில் அவர் ஒரு விலங்குக் காட்சிசாலையை நடத்தத் தொடங்கினார். 1922ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்த அறிவியலறிஞர் ஐன்ஸ்டைன் அதைப் பார்த்து வியந்தார். ஆனால், பக்கத்து வீடுகளில் வாழ்ந்தவர்கள் அப்படி வியக்கவில்லை. இரவு பகலாகக் கேட்ட உறுமலையும் காற்றில் பரவிய நாற்றத்தையும் யார்தான் பொறுத்துக்கொள்வார்கள்? அதனால் 1928ஆம் ஆண்டில் பசப்பா தம் விலங்குகளைப் பொங்கோலுக்குக் கொண்டு சென்றார்.

பொங்கோல் அப்போது நகரத்திலிருந்து வெகு தொலைவில் இருந்த கடலோரச் சிற்றூர். அங்கு ஏறத்தாழ 11 ஹெக்டர் நிலத்தை வாங்கி, குழாய்நீருக்கும் மின்சாரத்திற்கும் வழி செய்து, கூண்டுகளை அமைத்தார் பசப்பா. நுழைவுக் கட்டணம் 40 காசு. சுமார் 200 விலங்குகளும் 2,000 பறவைகளும் அங்கே இருந்தன. விடுமுறை நாளில் குடும்பத்தோடு பொங்கோலுக்குச் சென்று வருவது பலருக்குப் பெரிய உலாவாக இருந்தது.

இவ்வளவு உயிரினங்களும் எங்கிருந்து வந்தன? பசப்பா விலங்குகளைக் காட்சிக்கு மட்டும் வைத்திருக்கவில்லை. வாங்கி விற்கும் வணிகராகவும் இருந்தார். அக்காலச் சிங்கப்பூர், உலகின் முக்கிய விலங்குச் சந்தைகளுள் ஒன்று. சுமத்ரா, போர்னியோ, மலாயாக் காடுகளில் பிடிபட்ட உயிரினங்கள் இங்கு வந்து சேர்ந்து, கப்பல் ஏறி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்றன. ஃபிராங்க் பக் என்ற அமெரிக்கர் இதே சிங்கப்பூரைத் தளமாகக் கொண்டு விலங்குகளைச் சேகரித்து, புத்தகமும் திரைப்படமும் வெளியிட்டு உலகப்புகழ் பெற்றார். அன்று இது குற்றமாகக் கருதப்படவில்லை. துணிச்சலான தொழில் என்றே பலர் இதைப் போற்றினார்கள்.

அந்தப் புகழுக்குப் பின்னால் இருந்த துன்பத்தைக் கூண்டுக்கு வெளியே நின்றவர்கள் பார்க்கவில்லை. ஒராங் ஊத்தான் குட்டி தன் தாயை இறுகப் பற்றிக்கொண்டே வளரும். அதைப் பிடிக்க வேண்டுமானால் பெரும்பாலும் தாயைக் கொல்ல வேண்டியிருந்தது. கப்பலின் அடித்தளத்தில் வெப்பமும் நோயும் தாங்காமல் மடிந்த பறவைகளும் பல. பசப்பா தம் விலங்குகளை மிகவும் நேசித்தார் என்பதில் ஐயமில்லை. அவர் நேசித்த அந்த உலகம், காட்டிலிருந்து உயிரினங்களைப் பறித்து வரும் வணிகத்தின்மீதே நின்றது என்பதும் உண்மை. இரண்டையும் மறைக்காமல் சொன்னால்தான் அவருடைய வாழ்க்கை முழுமையாகப் புரியும்.

மாற்றம் மெல்லத் தொடங்கியிருந்தது. 1931இல் டச்சுக்காரர்கள் தங்கள் ஆட்சியிலிருந்த தீவுகளில் ஒராங் ஊத்தானைச் சட்டத்தால் பாதுகாத்தார்கள். மலாயாவில், ஒருகாலத்தில் வேட்டைக்காரராக இருந்த தியோடர் ஹப்பாக் காட்டு விலங்குகளின் நிலையை ஆராய்ந்து 1932இல் விரிவான அறிக்கையை அளித்தார். இன்றைய தாமான் நெகாரா தேசியப் பூங்கா உருவாக அவருடைய முயற்சியே காரணம். எனினும், தடை வந்ததால் ஆசை குறையவில்லை. வெளிப்படையாக நடந்த வணிகத்தின் ஒரு பகுதி மறைவாக நடக்கத் தொடங்கியது. வணிகம் கடத்தலாக மாறியது.

பசப்பாவின் காட்சிசாலைக்கு முடிவு வேறு வழியில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை சிங்கப்பூரை நெருங்கியபோது, வடக்குக் கடலோரத்தைக் காக்கப் பொங்கோல் நிலம் தேவை என்று பிரிட்டிஷ் இராணுவம் கூறியது. விலங்குகளை அகற்றப் பசப்பாவுக்குக் கிடைத்தது 24 மணிநேரம் மட்டுமே. புலியையும் பாம்பையும் ஆயிரக்கணக்கான பறவைகளையும் ஒரே நாளில் எங்கே கொண்டு செல்வது? அவரால் முடியவில்லை. படைவீரர்கள் ஆபத்தான விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள், மற்றவற்றைத் திறந்துவிட்டார்கள். பின்னர் வந்த ஜப்பானியர்கள் அவ்விடத்தைப் பொருள்களைச் சேமிக்கும் கிடங்காக ஆக்கினார்கள். வாழ்நாள் உழைப்பு அழிந்த துயரத்தோடு பசப்பா 1943இல் காலமானார். அப்போது அவருக்கு வயது ஐம்பதுதான்.

அவருக்குப் பின் சிங்கப்பூர்த் துறைமுகம் இன்னும் பெரிதாக வளர்ந்தது. கப்பல்கள் மிகுந்த இடத்தைக் கடத்தல்காரர்களும் நாடுவார்கள். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற அனைத்துலக உடன்படிக்கையில் சிங்கப்பூர் 1986இல் இணைந்தது. 2019 ஜூலையில், வியட்நாமுக்குச் செல்லவிருந்த கொள்கலன்களிலிருந்து 8.8 டன் யானைத் தந்தமும் 11.9 டன் எறும்புத்தின்னிச் செதில்களும் இங்குக் கைப்பற்றப்பட்டன. 2021 செப்டம்பர் முதல் தேதி உள்நாட்டுத் தந்த விற்பனையும் தடை செய்யப்பட்டது.

கொள்கலன்களை அதிகாரிகள் சோதிக்கலாம். உயிரோடு மீட்கப்பட்ட விலங்குக்கோ உணவும் மருந்தும் இடமும் வேண்டும். அதற்குப் பணமும் பொறுமையும் வேண்டும். 2001இல் தொடங்கப்பட்ட ஏக்கர்ஸ் என்னும் உள்ளூர் விலங்குநல அமைப்பு, பொதுமக்களின் நன்கொடையால் இப்பணியைச் செய்து வருகிறது. சட்டவிரோத விலங்கு வணிகத்தைப் புலனாய்வதும் அதன் வேலைகளுள் ஒன்று. ஓட்டில் நட்சத்திரக் கோலம் கொண்ட இந்திய ஆமைகள் செல்லப்பிராணிகளாக விற்கப்படுவதற்காகக் கடத்தி வரப்படுவதுண்டு. அப்படிச் சிங்கப்பூரில் மீட்கப்பட்ட ஆமைகளை ஏக்கர்ஸ் பராமரித்து வந்தது. 2018 நவம்பரில் அவற்றுள் 51 ஆமைகள் சிங்கப்பூரிலிருந்து பெங்களூருக்கு விமானம் ஏறின. கர்நாடகத்தில் வனத்துறையினர் அவற்றுக்காகக் காத்திருந்தார்கள்.